தென்னைக்கு வரும் மர அணிலைப் பிடித்து வேறு காட்டில் விடலாமா?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வளவுக்குப் பின்னால் வெருகல் ஆற்றங்கரைக் காடு. முன்பு அந்தப் பக்கமிருந்து சத்தம் மட்டும்தான் கேட்குமாம். போன வருடம் பக்கத்துக் காணிக்காரர் எல்லையில் நின்ற மரங்களையும் கதியால் வேலியையும் வெட்டிவிட்டு முட்கம்பி அடித்தாராம். அதன் பிறகு பூனையளவு அணில் ஒன்று, சில நாட்களில் இரண்டு, தென்னையில் ஏறிக் குரும்பையைக் கொறிக்கின்றனவாம். பொறி வைத்துப் பிடித்து சோமாவதிப் பக்கக் காட்டில் விட்டால் அதற்கும் நல்லது, தனக்கும் நல்லது, அங்கே மரம் நிறைய இருக்கிறதே என்கிறார். மருத மரத்தில் இருக்கும் ஒரு இலைக்கூட்டின் படமும் அணிலின் படமும் இணைத்திருக்கிறார். கடைசி வரியில், குட்டி கிடைத்தால் வளர்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்கிறார்.

பொறியைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் கேட்பது வேறு. மரம் நிற்கிற எந்த இடமும் இந்த அணிலுக்குக் காடுதானா என்பதுதான் கேள்வி. இல்லை என்பது என் பதில். ஏன் இல்லை என்பதைச் சொன்னால் தென்னைக்கு என்ன செய்யலாம் என்பதும் அதிலிருந்தே வரும். நான் விலங்கியல் படித்தவன், திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு அதையே கற்பிக்கிறேன். விடுமுறை கிடைத்தால் கன்னியா, தம்பலகாமம், வெருகல் என்று காட்டோரங்களில் பாலூட்டிகளைப் பார்த்துக்கொண்டு திரிவேன். உங்கள் வளவை நேரில் பார்த்ததில்லை. ஆகவே உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், ஊகத்தை ஊகமென்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் படத்தில் இருப்பது யார் என்று பார்ப்போம். இது நாங்கள் மர அணில் என்று சொல்கிற பெரிய அணில், சிங்களத்தில் தண்டுலேனா. வீட்டு முற்றத்தில் ஓடுகிற சின்ன அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடு உண்டு. இராமர் தடவியதாகச் சொல்லும் அந்தக் கோடு இதற்குக் கிடையாது. மேல்பக்கம் சாம்பல் கலந்த மண்ணிறம், மயிர் நுனிகளில் வெள்ளை பூத்து நரைத்தது போன்ற தோற்றம், உச்சந்தலை கறுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை, உடம்பளவுக்கு நீண்ட அடர்ந்த வால். மூக்கிலிருந்து வால்நுனி வரை இரண்டு அடிக்கு மேல் வரும். பூனையளவு என்று நீங்கள் எழுதியது வாலையும் சேர்த்துப் பார்த்ததால்தான், உடம்பு மட்டும் என்றால் பூனையைவிடச் சிறிது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தியாவின் மலைக்காடுகளில் இருக்கும் செம்மை நிறப் பெரிய அணிலின் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு அதுதான் இது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த இனம் இலங்கையில் இல்லை.

தோமஸ் பெனன்ட் என்ற இயற்கை ஆய்வாளர் 1769இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்த ஒரே இனத்துக்குள் மூன்று துணை இனங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மத்திய மலைநாட்டில் ஒன்று, தென்மேற்கு ஈரவலயத்தில் மேலே கறுப்பும் கீழே மஞ்சளுமாக ஒன்று, உலர்வலயத்தில் நரைத்த சாம்பல் நிறத்தில் ஒன்று. எங்கள் பக்கத்தில் இருப்பது மூன்றாவது. இதே துணை இனம்தான் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்காகவே 1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அறிவித்தார்கள், 2021இல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. கேரளத்துச் சின்னாறில் ஆற்றங்கரை மரங்களில் வாழ்கிறது, கர்நாடகத்தில் காவிரிக் கரையில் வாழ்கிறது. பாக்குநீரிணை ஆழமற்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது அது தரையாக இருந்தது என்பது நிலவியலாளர் எல்லாரும் ஒப்புக்கொண்ட விடயம். அணில் அந்த வழியால் மரத்துக்கு மரம் வந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். அங்கே சரணாலயம் வைத்துக் காக்கிற விலங்கை இங்கே தொல்லை விலங்காகப் பார்க்கிறோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த அணிலை மற்ற விலங்குகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அது மரத்தைப் பயன்படுத்தும் விதம். நிலத்துக்கு இறங்குவது மிகக் குறைவு, வேறு வழியே இல்லாதபோதுதான் இறங்கும். தின்பது, தூங்குவது, இணைசேர்வது, குட்டி போடுவது எல்லாம் மேலே. வெருகல் ஆற்றோரத்தில் ஒரு பனிச்சை மரத்தடியில் நின்று ஒன்று சாப்பிடுவதை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். கொப்பின் நீளவாட்டில் உட்காராமல் குறுக்காக உட்கார்ந்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் கொப்பைப் பிடித்திருந்தன. தலையும் முன்கையும் ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் வால் நேராகக் கீழே தொங்கியது. தராசுத் தட்டு மாதிரி வால் பாரத்தை ஈடுகட்டுவதால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்துவிடுகின்றன. அந்தக் கையில் பெருவிரல் குறுகி, அதனடியில் அகன்ற சதைத் திண்டு இருக்கிறது. பழத்தை அந்தத் திண்டுக்கும் விரல்களுக்கும் இடையில் வைத்து உருட்டி உருட்டிக் கொறிக்கும். கீழே விழுவதைப் பொருட்படுத்தாது. அரைவாசி தின்று அரைவாசி கொட்டும். காட்டில் அந்த மிச்சத்தை மானும் முயலும் தின்னும். உங்கள் வளவில் அதே பழக்கத்தைத்தான் நீங்கள் நட்டமாகப் பார்க்கிறீர்கள்.

ஆபத்து என்று பட்டால் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தூரத்தில் சிறுத்தையையோ மனிதரையோ கண்டால் தொண்டையிலிருந்து கரகரவென்று உரத்த சத்தம் விடும். நீங்கள் முன்பு தூரத்தில் கேட்டது அந்தச் சத்தமாகத்தான் இருக்க வேண்டும். பருந்துக் குடும்பத்துப் பெரிய பறவை மேலே வந்துவிட்டால் சத்தமே காட்டாது. கொப்போடு கொப்பாகப் பதிந்துவிடும், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஓட வேண்டி வந்தால் கொப்பின் நுனிவரை ஓடி அடுத்த மரத்துக்குத் தாவும். இருபது அடி தாவக்கூடியது, உயரத்திலிருந்து தாழ்வாகத் தாவும்போது அதைவிடக் கொஞ்சம் கூடவும் போகும். அதற்கு மேலே இடைவெளி இருந்தால் அந்த மரம் அதற்குத் தீவுதான். ஆகவே அணிலின் காட்டை அளக்க ஏக்கர் கணக்கு உதவாது. கொப்பு கொப்போடு தொட்டு எவ்வளவு தூரம் போகிறது என்பதே அதன் காட்டின் அளவு.

கூட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். படத்தில் மருத மரக் கவரில் இருக்கிறதே, குச்சியும் இலையும் கொண்டு பந்தாகக் கட்டியது, அது கூடுதான். ஓர் அணிலுக்கு ஒரு கூடு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் பல கூடுகள் கட்டி வைத்து மாற்றி மாற்றித் தூங்கும். சில இரவுத் தூக்கத்துக்கு, ஒன்று குட்டிக்கு, சில பாழடைந்தவை. கூடு கட்டுகிற மரத்தையும் சும்மா தெரிவதில்லை. உயரமானதாக இருக்கும், அதன் உச்சிக் கொப்புகள் பக்கத்து மரங்களோடு பின்னியிருக்கும். தப்பி ஓட நாலு பக்கமும் வழி வேண்டுமே. தனி மரத்தில் இந்தக் கூட்டைக் காண்பது அரிது. அப்படிக் கண்டால், முன்பு அங்கே பக்கத்தில் மரம் நின்று பிறகு வெட்டுப்பட்டதா என்று நான் முதலில் விசாரிப்பேன்.

இனிச் சாப்பாடு. எங்கள் உலர்வலயக் காடு ஒரே மாதிரியான காடு அல்ல. மேட்டு நிலத்தில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி. ஆற்றோரத்தில் மருது, பனிச்சை, வம்மி, இலுப்பை, புங்கு, அத்தி. ஐப்பசியிலிருந்து தை வரை மாரி மழை அள்ளிக்கொட்டும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி, கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் மேட்டுக்காடு காய்ந்து சருகாகிக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் பாலையும் வீரையும் பழுக்கின்றன. சனம் பெட்டியோடு பாலைப்பழம் பொறுக்கப் போகிற நாட்களில் கரடி, குரங்கு, மர அணில் எல்லாம் அதே மரத்துக்குத்தான் போகின்றன. ஆனால் பாலை எல்லா வருடமும் ஒரே மாதிரிக் காய்ப்பதில்லை, பறிக்கப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழம் தவறிய காலத்தில் அணில் விதை, பூ, இளந்தளிர், மரப்பட்டை என்று இறங்கிவிடும், சில வேளை பூச்சியையும் பறவை முட்டையையும் தின்னும். ஆற்றோர மரங்களின் வேர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கோடையிலும் பச்சை மாறாது. நிழலும் கூடும் தளிரும் அங்கே கிடைக்கும், பழம் மேட்டில் கிடைக்கும். வருடம் முழுக்க வாழ அணிலுக்கு இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் நடுவே மேலால் போக வழியும் வேண்டும்.

இப்போது உங்கள் வளவுக்கு வருவோம். பக்கத்துக் காணிக்காரர் வெட்டிய எல்லை மரங்கள் எந்தத் திசையில் நின்றன என்று நீங்கள் எழுதவில்லை. ஆற்றங்கரையிலிருந்து மேட்டுப் பக்கமாக ஓடிய வரிசை என்றால், அது அணிலின் தெருவாக இருந்திருக்கக்கூடும். பழைய வளவு எல்லைகளில் பூவரசும் வேம்பும் புளியும் இலுப்பையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், அவற்றின் மேலால் அது பாலை மரங்களுக்குப் போய்வந்திருக்கும். வரிசை போனதும் ஆற்றோரத் துண்டுக்குள் அடைபட்டு, கிடைத்த ஒரே பக்கமாக உங்கள் தென்னைக்கு வந்திருக்கும். இது ஊகம். காலம் பொருந்துகிறது, விலங்கின் இயல்பும் பொருந்துகிறது, அதற்கு மேல் நான் சத்தியம் பண்ண மாட்டேன். வேறு காரணமும் இருக்கலாம். போன வருடம் வளர்ந்த குட்டி ஒன்று தாயின் எல்லையை விட்டு இடம் தேடி வந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. விடிந்து வெயில் ஏறும்வரை, பிறகு பின்னேரம், அணில் எந்த மரத்திலிருந்து தென்னைக்கு வருகிறது, எந்த மரத்துக்குத் திரும்புகிறது என்று சில நாட்கள் பாருங்கள். ஒரே பாதையால் வந்து அதே பாதையால் திரும்பினால் அது வழி அடைபட்ட அணிலாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுப்பகலில் பார்த்துப் பயனில்லை, அது கொப்பில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும்.

சோமாவதிக்குக் கொண்டுபோவது பற்றி. 1986இல் அறிவிக்கப்பட்ட அந்தத் தேசியப் பூங்கா மகாவலியின் வெள்ளச் சமவெளி. அதில் பெரும்பகுதி வில்லு, அதாவது மாரியில் தண்ணீர் நிற்கிற, கோடையில் புல் முளைக்கிற வெளி. யானைக்கு அது சொர்க்கம். மர அணிலுக்கு ஆற்றோர மரப்பட்டியும் மேட்டுக் காடும் தவிர மிச்சமெல்லாம் கடக்க முடியாத வெளி. பாதையோரத்தில் பொறியைத் திறந்துவிட்டு வருவீர்கள். அது ஏறிய மரத்திலிருந்து எங்கே போகும்? நல்ல மரத்தொகுதியாகவே இருந்தாலும் அங்கே ஏற்கெனவே வேறு அணில்கள் எல்லை பிடித்து வைத்திருக்கும். புதிதாக வந்ததற்குக் கூடு இல்லை, எந்த மரம் எப்போது பழுக்கும் என்ற அறிவு இல்லை, எந்தக் கொப்பு தாங்கும் என்று தெரியாது. பருந்துக்கு அது வாய்ப்பான இரை.

இது வெறும் இரக்கப் பேச்சு அல்ல. அமெரிக்காவின் மேரிலாந்தில் நகர்ப்புறத்தில் பிடித்த அந்நாட்டுச் சாம்பல் அணில்கள் 38க்கு, இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பட்டியைக் கழுத்தில் கட்டிக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். 88 நாட்களுக்குள் அவற்றில் 97 சதவீதம் செத்தன அல்லது அந்த இடத்தை விட்டுக் காணாமல் போயின. அது வேறு இனம், வேறு காடு, ஆகையால் எங்கள் மர அணிலுக்கும் அதே விகிதம்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் சாம்பல் அணில் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்கிற, நிலத்திலும் தாராளமாக ஓடித்திரிகிற விலங்கு. அதற்கே இந்தக் கதி என்றால், நிலத்தில் கால் வைக்கத் தயங்குகிற ஒன்றுக்கு இதைவிட நன்றாக முடியும் என்று எதிர்பார்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. உங்கள் பக்கத்திலும் பிரச்சினை தீராது. ஆற்றங்கரையும் தென்னையும் கொப்பும் அப்படியே இருக்க அணிலை மட்டும் எடுத்தால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும்.

அப்படியென்றால் தென்னைக்கு என்ன வழி? முதலில் கள்வனை உறுதிப்படுத்துங்கள். தென்னை தன் பெண் பூக்களில் பாதிக்கு மேல் தானாகவே குரும்பையாகக் கொட்டிவிடும், அது மரத்தின் இயல்பு, கோடையில் இன்னும் கூடும். கீழே கிடக்கும் குரும்பையை எடுத்துப் பாருங்கள். பல்லடையாளமே இல்லாவிட்டால் அணில்மேல் பழி போட வேண்டாம். பல் இருந்தால் அடுத்த கேள்வி பகலா இரவா என்பது. எலி இரவில் ஏறும், மரநாயும் இரவில் வரும். மர அணில் இருட்டினால் கூட்டை விட்டு அசையாது. பின்னேரம் மரத்தடியைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டு விடியுமுன் போய்ப் பார்த்தால் இரவில் விழுந்தது எது என்று தெரிந்துவிடும். பல் பதிந்த தடத்தில் இரண்டு கீறல் பக்கம் பக்கமாக இருக்கும், எலியின் கீறலைவிட அணிலின் கீறல் அகலம். குரங்கு என்றால் கொறிக்காது, முறுக்கிப் பிடுங்கி எறியும். இந்தச் சோதனையைச் செய்தவர்களில் பலர் கணக்கில் பாதியை எலிக்கு மாற்றியிருக்கிறார்கள். அணில் பகலில் கண்ணுக்குத் தெரிகிறது, எலி தெரிவதில்லை, அதனால் முழுப் பழியும் அணிலுக்கு விழுகிறது.

அணில்தான் என்று உறுதியானால் அது வருகிற கொப்பைத் தேடுங்கள். தென்னோலைக்கு இருபது, இருபத்தைந்து அடிக்குள் காட்டு மரக் கொப்பு ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொப்பை மட்டும் கவ்வாத்துப் பண்ணுங்கள், மரத்தை வெட்ட வேண்டாம். தென்னைக்குத் தென்னை ஓலை முட்டினால் முதல் மரத்தில் ஏறியது எல்லாவற்றுக்கும் போய்விடும், ஆகவே காட்டோர வரிசையில் உள்ள மரங்களின் பழுத்த, தொங்கிய ஓலைகளை அகற்றினால் போதுமா என்று பாருங்கள். பச்சை ஓலையில் கைவைக்காதீர்கள், காய்ப்புக் குறைந்துவிடும். இடைவெளி விழுந்த பிறகுதான் அடிமரத்தில் தகரப் பட்டை கட்டுவதற்கு அர்த்தம் வரும். ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டடி அகலத்தில், வழுக்கலான தகரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். எலிக்கும் அதுவே மருந்து. மேலே கொப்பு முட்டிக்கொண்டிருக்கக் கீழே தகரம் கட்டுவது காசை மரத்தில் சுற்றுகிற வேலை. கடைசி வரிசை இரண்டொரு மரத்தை அதற்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். தென்னையில் உங்கள் பிழைப்பு எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், முடிவும் உங்களுடையது.

தென்னைப் பக்கம் வழியை மூடும்போது வேறு பக்கம் திறக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அது பட்டினியில் எதையும் தாண்டி வரும். வெட்டிய எல்லையில் உங்கள் பக்கமாகப் பூவரசு, கிளிசரியா, முள்முருங்கைக் கதியால்களை மாரி தொடங்கும்போது நெருக்கமாக ஊன்றுங்கள். மூன்றும் தடியிலிருந்தே வேர்விடும். சில வருடத்தில் அணில் போகிற உயரம் வந்துவிடும், ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும். நடுநடுவே இலுப்பையும் நாவலும் வையுங்கள், அவை மெதுவாக வரும். அதுவரைக்கும் ஆற்றோர மருதிலிருந்து மேட்டுப் பக்கத்து மரம் ஒன்றுக்குப் பெருவிரல் மொத்தத்தில் தும்புக் கயிறு ஒன்றோ, அதைவிட நல்லது இரண்டு கயிற்றுக்குக் குறுக்கே தடி வைத்துக் கட்டிய ஏணியோ உயரத்தில் இழுத்துக் கட்டிப் பார்க்கலாம். வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் வீதியைக் கடக்க இப்படித்தான் மேலால் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்கு பழகியதால் எங்கள் அணிலும் பழகும் என்று உத்தரவாதம் தர முடியாது. நட்டம் கயிற்று விலைதான். மின்கம்பி போகிற பக்கம் மட்டும் கயிற்றைக் கொண்டுபோக வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குக் கீழே வந்த பதில்களில் ஒருவர் "அது தொல்லை விலங்குதானே, சுட்டாலும் கேட்க ஆளில்லை" என்று எழுதியிருக்கிறார். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடத்தில் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எண்ணச் சொன்னார்களே, அந்தக் கணக்கெடுப்பை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். கமக்காரர்களின் நட்டம் உண்மையானது, அதை அளக்க முயன்றதில் பிழையில்லை. ஆனால் அவரவர் தன் வளவில் ஐந்து நிமிடத்தில் கண்டதை எழுதினால், ஒரே அணிலை இரண்டு வளவுக்காரர் எழுதுவார்கள், கொப்பில் பதிந்திருக்கிறதை ஒருவரும் எழுத மாட்டார்கள். எந்த ஊரில் முறைப்பாடு அதிகம் என்று அறிய அந்த எண் உதவும். ஆற்றோரக் காட்டில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதை அதிலிருந்து கணக்கிட முடியாது. உலகப் பாதுகாப்புப் பட்டியலில் இந்த இனம் அச்சுறுத்தலை அண்மித்தது என்ற நிலையில் இருக்கிறது. தென்னையில் அடிக்கடி தெரிவதை வைத்துப் பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. காடு துண்டாகும்போது இருக்கிற அணில் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்துவிடும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. எனவே பொறி வாங்குமுன் உங்கள் பகுதி வனசீவராசிகள் அலுவலகத்தில் வாயால் அல்ல, எழுத்தில் கேளுங்கள். முகநூலில் யாரோ சொன்னது வழக்கில் உதவாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் விலங்கைக் கொண்டுபோய் விடுவதும் தனியாகச் சிக்கலைக் கொண்டுவரும்.

பிள்ளைகளின் கேள்விதான் மிச்சம். வளர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனால் காரணத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒளித்து வளர்ப்பார்கள். ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு குட்டிதான் பிறக்கும். பிறந்து நெடுநாள் கூட்டுக்குள் தாயின் பாலில் இருக்கும், பிறகு தாயின் பின்னால் திரிந்துதான் எந்தக் கொப்பு, எந்தப் பழம் என்று படிக்கும். கையில் வளர்ந்ததற்கு இந்தப் படிப்பு இல்லை. அதன் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்க எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னதில் கொஞ்சுவதாகத் தோன்றும், வளர்ந்த பிறகு மரக்கதவும் மின்வயரும் விரலும் அதற்கு ஒன்றுதான். மாரிக் காற்றில் கூடு கலைந்து குட்டி கீழே கிடந்தால் பசும்பால் பருக்க வேண்டாம். நாயையும் பூனையையும் கட்டிவிட்டு, குளிர்ந்திருந்தால் துணியில் சுற்றிச் சூடாக்கி, ஒரு சின்னக் கடகத்தில் சருகு போட்டு வைத்து, அதே மரத்தில் எட்டுகிற உயரத்தில் கட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். தாய்க்கு வேறு கூடுகள் இருக்கும், குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அங்கே மாற்றிவிடும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது ஊர்ப்பேச்சு, அதை நம்பிக் குட்டியைக் கைவிட வேண்டாம். பொழுது படுமுன் தாய் வராவிட்டாலோ குட்டியில் காயம் இருந்தாலோ வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தூக்கும்போது தடித்த துணி இருக்கட்டும். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அணிலிடமிருந்து விசர்நோய் வருவது மிக அரிது, ஆனாலும் அதற்கும் ஏற்புவலிக்கும் தடுப்பூசி போடுவதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

எல்லை மரங்கள் எந்தத் திசையில் நின்றன, அணில் எந்த மரத்தால் வந்து எந்த மரத்தால் திரும்புகிறது, மருதிலிருந்து தென்னைக்கு எத்தனை அடி, இந்த மூன்றையும் பார்த்து எழுதினால் கயிற்றை எங்கே கட்டுவது என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறேன். மருதில் இருக்கிற கூட்டுக்குத் தாய் குழை கொண்டுபோவதைக் கண்டால் கவ்வாத்து வேலையைச் சில கிழமை தள்ளிப் போடுங்கள்.